கேட் திறக்காத டிராக்

நாரணாபுரத்துக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாலகுருவுக்கு வெடித்துப் பார்க்கும் வேலை. ஒரே ரூமில் செய்து வரும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் பத்து வெடிகளை எடுத்து, மாலை மூன்று மணிக்குக் கருவேலங்காட்டை ஒட்டிய பொட்டலில் வைத்து, ஊதுபத்தியால் பற்ற வைப்பான். எத்தனை வெடித்தது என்று எழுதுவான். பதினோரு வருடங்களில் இடது காது பாதி கேட்காமல் போய்விட்டது. தீபாவளியன்று ஊரே வெடிக்கும்போது அவன் தூங்குவான்.

வெடிக்காத வெடியின் அருகே நூறு எண்ணும்வரை போகக் கூடாது. எந்த ரூமில் செய்தது என்று எழுதிய சீட்டு மடித்தே வரும். கணக்கை எழுதிய பிறகுதான் அதைப் பிரிக்கலாம். போர்மேன் ரத்தினசாமி மற்றதில் எப்படியோ, இதில் கறார். பாலகுருவின் மனைவி பொன்மணிக்கு அதே கம்பெனியில் திரி வைக்கும் வேலை. ஒருமுறை அவள் ரூமின் லாட் நிறுத்தப்பட்டது.

"பத்துல நாலு வெடிக்கலன்னு எழுதிட்டீகளாமே?"

"வெடிக்கல."

"எங்க ரூம்னு தெரியாதாக்கும்?"

"எழுதுன பொறகுதான் தெரியும்."

அன்றைய குழம்பில் உப்பு இல்லை. பாலகுரு இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டான்.

2005ஆம் ஆண்டு, வேறு வேலைக்கு விண்ணப்பம் அனுப்பலாமென்று சிவகாசியில் வெள்ளைத்துரையின் பிரவுசிங் சென்டருக்குப் போனான். அச்சகம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, மை வாசனை ஒத்துக்கொள்ளாமல் விலகி வந்தவர் வெள்ளைத்துரை. கார்ப்பந்தய விளையாட்டு ஒன்றைத் தன் மிஷின்களில் ஏற்றி வைத்திருந்தார். விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. விளையாட்டு மிஞ்சியது. பாலகுரு வாரத்தில் ஐந்து நாள் ஆறிலிருந்து எட்டு வரை ஆறாம் நம்பர் மிஷினில் உட்கார்ந்தான்.

அந்த விளையாட்டில் கார்கள் ஓடும் டிராக்குகளை ஆடுகிறவர்களே வரைந்து இணையதளத்துக்கு அனுப்புவார்கள். ஏழு தன்னார்வலர்கள் ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் ஏற்பார்கள். போலந்தில் ஒருவர், மலேசியாவில் ஒருவர், இப்படி. பாலகுருவும் அதில் சேர்ந்தான். ஆங்கிலம் அதிகம் வராது. எத்தனை முறை ஓட்டினான், எந்த வளைவில் சக்கரம் புதைகிறது, அவ்வளவுதான் எழுதுவான்.

2007இல் வருடாந்தரப் பந்தயத்தில் நாற்பது கார்கள் ஒரு பாலத்தில் ஏறி, அடுத்த நொடி ஒன்றுமில்லாத வெளியில் விழுந்துகொண்டே இருந்தன. அந்த டிராக்கை யாரும் ஓட்டிப் பார்த்திருக்கவில்லை. நண்பர் வரைந்ததை நண்பர் ஏற்றிருந்தார். எப்போதோ விலகிப் போன இருவரின் பெயராலும் ஒப்புதல் விழுந்திருந்தது. குழுவில் நால்வர் வெளியேறினார்கள். தளத்தை நடத்தியவர் குழுவைத் திருத்தியமைக்கும் பொறுப்பைப் பாலகுருவிடம் கொடுத்தார். அவனுடைய ஒவ்வொரு அறிக்கையிலும் 'பத்து முறை ஓட்டினேன்' என்று இருந்ததுதான் காரணம்.

அவன் புதிதாக எதையும் யோசிக்கவில்லை. வரைந்தவர் பெயர் மறைத்தே டிராக் வரவேண்டும். பத்து முறை ஓட்ட வேண்டும். யாருடையது என்று தெரிந்துவிட்டால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டிப் பார்க்கும் இருவர் சொல்லும் முடிவைக் குழுத் தலைவனும் மாற்ற முடியாது. பதினான்கு நாள் தளத்துக்கு வராதவர் பெயர் தானாகவே குழுப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

"ஏலே, பட்டாசுக் கம்பெனியத் தூக்கி அங்கன வச்சுட்டியே! ஊதுபத்தியும் அனுப்புவியாலே?" என்று வெள்ளைத்துரை சிரித்தார்.

மூன்று மாதம் குழு ஒழுங்காக நடந்தது. யாரும் பாராட்டவில்லை. பாராட்ட அதில் ஒன்றுமில்லை. ஓட்டக்கூடிய டிராக்குகள் வந்தன, அவ்வளவுதான்.

பிறகு ஒரு டிராக் வந்தது. பெயர் இல்லை. சாத்தூர் ரோடு, கருவேல மரங்கள், ரயில்வே கேட். பாலகுரு கையை எடுத்துவிட்டு, அதை வேறு இருவருக்கு அனுப்பினான். வெள்ளைத்துரை இரண்டு வருடமாக ஒரு டிராக் வரைந்துகொண்டிருந்தது அவனுக்குத் தெரியும். அவர் சொந்தமாகச் செய்த ஒரே காரியம் அது. ஆறு நாளில் இருவருமே நிராகரித்தார்கள். நான்கு கார்கள் போனதும் கேட் மூடிக்கொள்கிறது, பிறகு திறப்பதே இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

"நெசத்துல நம்மூரு கேட்டு எம்புட்டு நேரம் மூடிக் கெடக்குதுலே! அவனுகளுக்கு என்ன தெரியும்?" என்றார் வெள்ளைத்துரை.

"மூடட்டும் அண்ணாச்சி. தொறக்கணும்ல? அத மட்டும் மாத்திக் குடுங்க, மறுபடி ஓட்டுவாக."

"மாத்த மாட்டேன். நீதான தலைவரு? ஒன் பேரப் போட்டு ஏத்தி விடு."

"தலைவன் ஏத்தி விட விதியில எடமே இல்ல அண்ணாச்சி."

"எடம் வைக்காம எழுதுனவன் நீதானலே?"

"ஆமா."

வெள்ளைத்துரை மவுஸை மேசையில் தள்ளி வைத்தார். ஆறாம் நம்பர் மிஷின் உட்பட இந்தக் கடை முழுவதும் தன்னுடையது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பாலகுரு சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் மாலை, "மிஷினு காலி இல்ல" என்றார். நான்கு மிஷின்கள் காலியாக இருந்தன. அதற்கு மறுநாளும் அதே பதில். அவர் முகத்தில் கோபம் இல்லை. யாரோ வாடிக்கையாளரிடம் சொல்வது போலச் சொன்னார். பஜாரில் இருந்த இன்னொரு சென்டரில் விளையாட்டே கூடாதென்று எழுதி ஒட்டியிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து பாலகுரு சைக்கிளை அந்தத் தெருவில் திருப்பவில்லை.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. வருத்தம்கூட இல்லை. ஒரு லாட்டின் கணக்கு போல நாட்கள் கூடின. ஒன்பது, பத்து, பதினொன்று. குழுப் பட்டியலில் அவன் பெயருக்கு இன்னும் மூன்று நாள்.

பதினான்காம் நாள் பொட்டலில் பத்து வெடி வைத்தான். ஒன்பது வெடித்தன. பத்தாவதற்காக நூறு எண்ணினான். தண்ணீர் ஊற்றினான். ஒன்பது என்று எழுதினான்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இருந்தது. பொன்மணி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இப்பல்லாம் வெள்ளனயே வந்துர்றீக?"

"மிஷினு இல்ல."

"அந்தக் குழுவுல ஒங்களத் தேட மாட்டாகளா?"

அவன் செருப்பைக் கழற்றிச் சுவர் ஓரமாக வைத்தான்.

"ஒருத்தரத் தேட வேண்டி வராத மாதிரிதான் எழுதி வச்சிருக்கேன்."

அவள் வலது காதின் பக்கமாக வந்து நின்று, காபியா சோறா என்று கேட்டாள். சோறு என்றான்.