நாலாவது ஆள் இல்லாமல் பாகூர் போனோம்

காலை ஆறரைக்குத் திருக்கனூர் கடைத்தெருவில் வேனை எடுத்தோம். வேன் என்னுடையது. அஞ்சாவதோடு நின்றவன் நான். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரியில் குழாய் தூக்கும் கூலியாகச் சேர்ந்து, இன்றைக்குச் சொந்தமாக ரெண்டு போர் வண்டி வைத்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணியும் நான் போட்ட போரில் வருவதுதான்.

வேனில் விளையாட்டு டீச்சர் மேரி, டிரைவர் சேகர், சௌமியா, ரம்யா, ஜெனிபர். பாகூர் போட்டியில் தொடர் ஓட்டத்துக்கு நாலு பெண்பிள்ளைகள் வேண்டும். நாலாவது ஆளான திவ்யாவுக்கு முந்தாநாள் அம்மை போட்டுவிட்டது. வேப்பிலை தொங்குகிற வீட்டில் போய் யாரைக் கூப்பிட முடியும்? பெரிய வகுப்பில் மிச்சம் இருக்கிற பெண்களை வீட்டில் விடவில்லை. நான் நேரில் போய்க் கேட்டும் விடவில்லை. என் பேச்சு எடுபடாத இடமும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏழேகால். வில்லியனூர். டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை தூக்கல். இந்த மாதிரி ஒரு டீக்கடை பெஞ்சில்தான் அந்தக் காலத்தில் ஐந்து கிராமத்துப் பள்ளிகளின் விளையாட்டு வாத்தியார்கள் உட்கார்ந்து கூட்டுப் போட்டார்கள். டவுன் போட்டிக்குப் போனால் நம் பிள்ளைகள் முதல் சுற்றோடு திரும்பிவிடும். அதனால் நமக்குள் நாமே ஓடுவோம் என்றார்கள். ஐந்து எட்டானது, இன்று ஆறு. ரெண்டு பள்ளிகள் கழன்றதற்குக் காரணம் ஒரே ஒரு கட்டு: பெண்கள் தொடர் ஓட்டத்துக்கு ஆள் கொண்டுவராத பள்ளி கூட்டில் கிடையாது. பையன்களை அனுப்பிவிட்டுப் பெண்களை அடுப்படியில் வைக்கிற ஊர்களுக்காகப் போட்ட கட்டு அது. நல்ல கட்டுதான். ஆனால் இன்றைக்கு அது எங்கள் கழுத்தில் நின்றது. கூட்டை விட்டுப் போனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஓட வேறு இடம் கிடையாது.

உறுவையாறு தாண்டும்போது இடது பக்கம் மூன்று மோட்டார் கொட்டகை. மூன்றும் என் போர். பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஜன்னல் பக்கம் இருந்த சௌமியா திரும்பவே இல்லை. பத்தாவது படிக்கிறாள். அவளுக்கு இது கடைசி வருஷம்.

எட்டரைக்குப் பாகூர். வேன் மீட்டரில் முப்பத்துநாலு கிலோமீட்டர். ஏரிக்காற்று ஜில்லென்று அடித்தது. மைதானம் பெரியது, ஒரு சுற்று நானூறு மீட்டர்.

இந்தக் கூட்டில் ஒரு வழக்கம். முதல் வருஷம் கைமாற்றுகிற கட்டையை எல்லோரும் மறந்து வந்துவிட்டார்கள். பக்கத்து வயலில் கரும்பை ஒடித்துக் கொடுத்து ஓடவைத்தார்கள். அன்று முதல் அவரவர் ஊர்க் கரும்புதான் கட்டை. நான் சும்மா விடுவேனா? என் கொல்லையிலேயே பருத்த கரும்பாகப் பார்த்து வெட்டி வந்திருந்தேன். பாகூர் வாத்தியார் கோதண்டம் அதை வாங்கிப் பார்த்தார்.

"இன்னாபா இது? ஓடறதுக்கா, நெல்லு குத்தறதுக்கா?"

ரம்யாவின் கைக்குள் அது அடங்கவே இல்லை. பெருமைக்கு வெட்டினேனே தவிர, பிள்ளையின் கையை நினைத்துப் பார்க்கவில்லை. அவரே ஒல்லியான பாகூர்க் கரும்பில் ஒரு முழம் நறுக்கிக் கொடுத்தார். நறுக்கிக்கொண்டே, "நாலாவது பொண்ணு எங்க?" என்றார்.

மேரி டீச்சர் விஷயத்தைச் சொன்னார். நான் குறுக்கே புகுந்தேன். "சார், இந்த மைதானத்துக்கு என் செலவுல ஒரு போர் போட்டுத் தர்றேன். இந்த வருஷம் மட்டும் விட்டுடுங்க."

"ஐயா, உங்க போரு தண்ணி குடுக்கும். காலு குடுக்குமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் சௌமியா முன்னால் வந்தாள்.

"சார், மொதல்லயும் நான் ஓடறேன், கடைசிலயும் நான் ஓடறேன். நடுவுல ரெண்டு பேரு ஓடி முடிக்கறதுக்குள்ள குறுக்கால போய் நின்னுக்கறேன்."

"அது நூறு மீட்டருக்கு மேல வரும்டி. மூச்சு தாங்குமா?"

"தாங்காட்டி கூட்டுல இருந்து எடுத்துடுங்க சார்."

மற்ற நாலு பள்ளி வாத்தியார்களையும் கோதண்டம் ஒரு சுற்றுப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "கரும்பு கீழ விழாம சுத்தி வரணும். வந்தா இருங்க."

பதினொன்றரைக்கு விசில். முதல் நூறு மீட்டரில் சௌமியாதான் முன்னால். கரும்பை ரம்யா கையில் வைத்தவள் நிற்காமல் மைதானத்தின் நடுவே ஓடினாள். நடுவில் குண்டு எறிகிற இடத்துக்குக் கயிறு கட்டியிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த வேற்றுப் பள்ளிப் பெண்கள் எழுந்து கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். "போடி! போடி!" ஒருத்தருக்கும் அவள் பெயர் தெரியாது. அதற்கடியில் குனிந்து போனாள். ஜெனிபர் வந்து சேரவும் இவள் கை நீட்டவும் சரியாக இருந்தது. அதற்குள் மற்ற ஐந்து பேரும் போய்விட்டார்கள். கடைசியாகத்தான் வந்தாள். கரும்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

கோதண்டம் கரும்பை வாங்கிப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தார். "அடுத்த வருஷம் உங்க ஊர்ல போட்டி. போரு போட்டவரு தண்ணி பார்த்துக்கட்டும்." இந்த முறை நானும் சிரித்தேன்.

ஓடி முடித்ததும் கரும்பைக் கடித்துத் தின்பது வழக்கம். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு கணு தின்றார்கள். நாலாவது கணுவைச் சௌமியா பையில் போட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது தவளக்குப்பம் வழி. சாப்பாடு நூறு ரூபாய், மீன் குழம்பு நன்றாக இருந்தது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஊரில் இறங்கியதும் சௌமியா அந்தக் கணுவை என்னிடம் நீட்டினாள். "திவ்யாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தறவரைக்கும் வெச்சிருங்க தாத்தா."

வைத்திருந்தால் காய்ந்துவிடும். மோட்டார் கொட்டகை ஓரம், என் பருத்த கரும்புகளுக்குப் பக்கத்தில் நட்டேன்.

மூணு வாரம் கழித்து, தலைக்குத் தண்ணி ஊற்றி, முகத்தில் தழும்போடு திவ்யா வந்தாள். "தாத்தா, என் பங்கு எங்க?"

வாய்க்கால் ஓரமாகக் கூட்டிப் போனேன். ரெண்டு விரல் உயரத்துக்குப் பச்சை விட்டிருந்தது. உட்கார்ந்து பார்த்தாள்.

"ஒல்லியா இருக்குதே தாத்தா."

"பாகூர்க் கரும்பு அப்படித்தான்மா. கைக்கு அடங்கும்" என்றேன்.