கீற்றுத் தட்டிக்கு உள்ளேயிருந்து

ஈ, ஏ, ஆர். இந்த மூன்று எழுத்துகளும் வருகிற ஆங்கிலச் சொற்களை எழுதிக்கொண்டு போக வேண்டும். எழுத்துகள் எந்த வரிசையில் இருந்தாலும் சரி, இடையில் வேறு எழுத்துகள் வந்தாலும் சரி. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் இப்படி எதையாவது கரும்பலகையில் எழுதிவிட்டு, ஏலாக்குறிச்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார் எங்கள் இங்கிலீஷ் டீச்சர். திங்கட்கிழமை யாருடைய நோட்டில் அதிகச் சொற்கள் இருக்கின்றனவோ, அதை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்.

அரியலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எண்பதுகளின் தொடக்கம். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைதான் உண்டு. நான் ஆறாவது, அக்கா எட்டாவது; ஆறிலிருந்து எட்டு வரை எல்லோருக்கும் ஒரே போட்டிதான். பெரும்பாலும் வாசிக்கப்பட்டது அக்காவின் நோட்டுதான்.

அந்த வருடம் கடலைக்காய் பறிக்கிற சமயத்தில் அக்கா வயதுக்கு வந்தாள். வாசலோரம் பச்சைத் தென்னங்கீற்றில் தட்டி கட்டி, பதினாறு நாளைக்கு அவளை உள்ளே உட்கார வைத்தார்கள். தட்டு, தம்ளர், பாய் எல்லாம் தனி. அவள் தொட்ட எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளுடைய புத்தகப் பையை அம்மா பரணில் ஏற்றி வைத்தாள். அதிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஈ, ஏ, ஆர் வந்த வெள்ளிக்கிழமை எனக்கு நான்கு சொற்கள்தான் தெரிந்தன. தட்டிக்கு வெளியே போய்த் தரையில் உட்கார்ந்தேன். நோட்டை அவளிடம் கொடுக்க முடியாது. தொட்டுவிட்டால் திரும்பி வராது. அதனால் அவள் உள்ளேயிருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், நான் எழுதினேன்.

பிரெட், ட்ரீம், ஹார்ட், மார்க்கெட், கார்ப்பென்டர். அவள் மூச்சு விடாமல் சொன்னாள். பிப்ரவரி என்றபோது எனக்குக் கை வலித்தது.

"ஃபாதர் போட்டியா? டாட்டர்?"

"போட்டுட்டேன். சிஸ்டர் போடவா?"

"அதுல ஏ எங்கடி இருக்கு? மக்கு."

களத்துக்குப் போகிற வழியில் அத்தை நின்று கேட்டாள். "இதென்னடி, உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு கிளி மாதிரி கத்திக்கிட்டு? வயசுக்கு வந்தவளுக்கு ஏபிசிடி ஒரு கேடா?"

"சின்னவளுக்குத்தான் சொல்லிக்குடுக்குறேன் அத்த" என்றாள் அக்கா. இரண்டு நாளில் நாற்பது சொற்கள் சேர்ந்தன. கடைசியாக ஒன்று சொன்னாள்.

"டீச்சர். அதுலயும் மூணும் இருக்கு. கடைசி வரியில தனியா எழுது. பெருசா எழுதணும், என்ன?"

பெரிதாகவே எழுதினேன்.

திங்கட்கிழமை டீச்சர் நோட்டைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பி மறுபடியும் பார்த்தார். கடைசி வரியில் வெகு நேரம் நின்றார். மணி அடித்த பிறகு என்னை மட்டும் நிறுத்திவைத்தார்.

"எழுத்து உன்னோடதுதான். வார்த்தையெல்லாம் யார் சொன்னா? உங்க அக்காவா? உண்மையச் சொல்லு. அவ சொன்னதுன்னா இந்த நோட்ட எடுத்துக்கிட்டு நான் உங்க வீட்டுக்கு வரேன். உங்க அப்பாகிட்ட பேசணும்."

எனக்குப் பின்பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. அப்பாவிடம் பேச டீச்சர் வீட்டுக்கு வருவதென்றால் எங்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான். போன வருடம் அப்படி வந்துவிட்டுப் போன வீட்டில், என்னோடு படித்தவள் புளியம் விளாறால் அடி வாங்கி மூன்று நாள் உட்கார முடியாமல் இருந்தாள். எனக்கு அடி விழும், அக்காவுக்கும் விழும் என்று நினைத்தேன். அதோடு, அன்று முதல்முறையாக என் நோட்டு வாசிக்கப்பட்டிருந்தது. அதை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

"நானே எழுதுனேன் டீச்சர்."

"அக்கா ஒண்ணும் சொல்லலயா?"

"இல்ல டீச்சர்."

"அவளுக்குப் படிக்க ஆச இருக்கா, இல்லியா?"

"இல்ல டீச்சர். அவளுக்குப் புடிக்கல."

இதைச் சொல்லியிருக்க வேண்டிய தேவையே இல்லை. கேள்வி அத்தோடு முடியட்டும் என்று சொன்னேன். டீச்சர் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் நான் வாசலுக்குள் நுழையும் முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னடி சொன்னாங்க?"

"எல்லாரும் கை தட்டுனாங்கக்கா."

"அது சரி. யாரு சொல்லிக்குடுத்தான்னு கேக்கலயா?"

"கேக்கல."

அடுத்த வாரம் வேறு மூன்று எழுத்துகள். அக்கா அறுபதுக்கு மேல் சொன்னாள். அன்றும் அதையே கேட்டாள். அன்று டீச்சர் நிஜமாகவே ஒன்றும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றி, மாமன் சீர் வைத்து, அக்காவை வீட்டுக்குள் அழைத்தார்கள். தட்டியைப் பிரித்தபோது கீற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்ததைப் பார்த்தேன். பஸ் நிற்கும் பக்கமாக இருந்தது.

"எதுக்குக்கா ஓட்ட போட்ட? காத்துக்கா?"

"ஆமாடி. காத்துக்குத்தான்."

பதினேழு வயதில் அக்காவை விக்கிரமங்கலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். களையெடுப்பு, ஆடு, இரண்டு பையன்கள் என்று அவள் காலம் போனது. என்னைப் படிக்க வைத்தார்கள். 'சின்னவளுக்கு இங்கிலீஷ் நல்லா வருது' என்று டீச்சரே அப்பாவிடம் சொன்னாராம்.

போன மாதம் கண்புரை அறுவைக்காக அக்கா பெரம்பலூருக்கு வந்து என் வீட்டில் தங்கினாள். என் மகள் எட்டாவது படிக்கிறாள். ஒரு மதியம் செல்போனில் எழுத்துகளைக் கூட்டிச் சொல் கண்டுபிடிக்கிற விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தவள், எழுத்துகளை வாய்விட்டுப் படித்தாள். ஒரு கண்ணில் கட்டோடு சாய்ந்திருந்த அக்கா, படுத்தபடியே, "த்ரெட்னு போடு" என்றாள்.

"பெரியம்மா! உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"ஒங்கம்மாவக் கேளு. தட்டிக்குள்ள ஒக்காந்துக்கிட்டு அவளுக்கு நாந்தான் சொல்லுவேன். ஒரு டீச்சர் இருந்தாங்க. நோட்டப் பாத்தா யாரு சொன்னதுன்னு தெரிஞ்சு போயிடும், வந்து எங்கப்பாகிட்ட பேசுவாங்கன்னு நெனச்சேன். கீத்துல ஓட்டயப் போட்டுக்கிட்டு பஸ்ஸு நிக்கிற எடத்தையே பாத்துக்கிட்டு கெடந்தேன்."

"வந்தாங்களா?"

"வரல. பாவம், அவங்களுக்கு என்ன வேலயோ. நாஞ்சொன்ன வார்த்த அம்புட்டு நல்லால்லயோ என்னவோ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் மகளும் சிரித்தாள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். மறுவாரம் பஸ் ஏற்றிவிடும்போதும் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

அந்தக் கடைசிச் சொல்லைப் பெரிதாக எழுதச் சொன்னாள். பெரிதாகத்தான் எழுதினேன், கோடு போட்ட நோட்டில் இரண்டு வரியை அடைத்துக்கொண்டு. நாற்பத்தொன்றாவது சொல் என்று பக்கத்தில் எண்ணும் போட்டேன்.