மனச்சோர்வுக்கும் ஒரு பாஸ்ட் பேப்பர்

பல்கலைக்கழக மனநல ஆலோசகரைச் சந்திக்க எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தவணை கிடைத்தது. அந்த மூன்று கிழமையில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? தெரியாது. நான் சோதனைக்குச் செய்வதுபோல் பாஸ்ட் பேப்பர், அதாவது பழைய வினாத்தாள், செய்தேன்.

போகுமுன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். ஒன்பது கேள்விகள். எத்தனை நாள் நித்திரை வரவில்லை, எத்தனை நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை என்ற வகை. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி. அதே படிவம் இணையத்தில் புள்ளித் திட்டத்தோடு கிடந்தது. ஐந்துக்குக் கீழே வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லையாம். ஆறு வயதிலிருந்து டியூஷனுக்குப் போன மூளை, எந்த நிலையில் கிடந்தாலும் புள்ளித் திட்டத்தைக் கண்டால் எழும்பி உட்கார்ந்துவிடும். நாலு எடுப்பதென்று முடிவு செய்தேன். பூச்சியம் எடுத்தால் பார்த்து எழுதியது போலிருக்கும்.

உண்மை வேறு. ஐந்து கிழமையாக நான் வகுப்புக்குப் போகவில்லை. அம்மா கட்டித் தந்த புட்டோடு வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் ஏறுவேன். நகரத்தில் இறங்கி வேறு ரயில் மாறி, மறுபக்கத்து ஒடாஹுஹு வரை போவேன், திரும்பி வருவேன். ரயில்வேயில் சம்பளமில்லாத உத்தியோகம். புட்டு தொண்டைக்குள் இறங்காது. சில நாட்களில், நாளைக்குக் கண் விழிக்காமலே போனால் நல்லது என்று தோன்றும். இந்தக் கடைசி விஷயத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை.

கூடப் படிக்கும் நண்பன்தான் என் போனைப் பறித்துத் தவணை எடுத்தவன். தவணை நாளில் ஆலோசகரின் வாசல்வரை காவலுக்கும் வந்தான்.

ஆலோசகர் நரைத்த தலையுள்ள பெண், அமைதியாக இருந்தார். நான் பகிடி விட்டேன். சிரித்தார். சிரிப்பவரைக் கண்டால் எனக்கு வாய் நிற்காது. படிவத்தைப் பார்த்துவிட்டு, “வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை, சோதனை முடிந்தால் எல்லாம் சரி” என்றேன். படிவத்தை இன்னொரு முறை பார்த்தார். நான் எழுந்து நன்றி சொன்னேன். ஐம்பது நிமிடத் தவணையை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

“என்னடா, அதுக்குள்ள வந்திட்டாய்?” என்றான் வாசலில் நின்ற நண்பன்.

“பாஸ், மச்சான். இருபத்தேழுக்கு நாலு. குறைஞ்சாத்தான் நல்லது.”

நண்பனின் முகம் மாறியது. “அதுக்குப் படிச்சிட்டே போனனீ?”

“ஓம். ரெண்டு தரம் செய்து பாத்தனான்.”

“விசரா! வருத்தம் காட்டப் போன இடத்தில ஆருக்கடா கெட்டித்தனம் காட்டுறாய்? அந்த மனுசி உனக்குப் பரிசு தரப்போகுதோ?”

“கத்தாதை, ஆக்கள் பாக்கினம்.”

“பாக்கட்டும். முந்தநாள் போன்ல அழுதது ஆர்? என்ர அப்பாவோ?”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“இனி அடுத்த தவணைக்கு இன்னும் மூண்டு கிழமை. அதுக்கிடையில நீ...” என்றவன் நிறுத்திவிட்டான். அவன் ஏசியபோது வராத பயம், நிறுத்தியபோது வந்தது. எனக்கும் அந்த மிச்சம் தெரியும்.

ஆலோசகரின் கதவு பத்தடி தூரம். அதற்குள் மூன்று பொய்க் காரணங்கள் தயாராகிவிட்டன. நாலாவது வருமுன் தட்டினேன்.

“எதையாவது மறந்துவிட்டீர்களா?” என்றார் ஆலோசகர்.

“நான் எழுதியது பொய்” என்றேன். என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. “வேறொரு படிவம் தருவீர்களா?”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. தாளையும் பேனாவையும் தந்தார். மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. எட்டுக் கேள்வி ஓடிவிட்டது. ஒன்பதாவது, சாவதைப் பற்றியது. பேனா அங்கே நின்றது.

“இது கட்டாயக் கேள்வியா?” என்று கேட்டேன்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. “அவசரமில்லை” என்றார்.

இரண்டு என்று எழுதினேன்.

அவர் கூட்டிப் பார்க்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார். “கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். சொல்லுங்கள்.”

வாய் பழக்கதோஷத்தில் ஒரு பகிடியைத் தேடியது. அகப்படவில்லை. பேச்சு பாதி ஆங்கிலத்தில், பாதி தமிழில் வந்தது. தமிழ்ப் பாதி அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் நடுவில் ஒன்றும் கேட்காமல், நான் முடிக்கும்வரை இருந்தார். பிறகு நாட்காட்டியைத் திறந்து, நாளை மறுநாள் காலையில் என் பெயரை எழுதினார்.