தள்ளிப்போட்ட கட்டைவிரல்

அவருக்கு ‘இன்னிக்கே’ என்று பட்டப்பெயர். லிஃப்ட் கம்பெனியில் எத்தனையோ மெக்கானிக்குகள் இருந்தார்கள். ஆனால் “இன்னிக்கேயை அனுப்புங்க” என்றால் யாரென்று போன் எடுக்கிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். எதற்கெடுத்தாலும் மனுஷன் வாயில் அந்த ஒரு வார்த்தைதான். புதுச் சட்டை வாங்கினால் இன்னிக்கே போட வேண்டும். யாரோடாவது மனஸ்தாபம் என்றால் இன்னிக்கே பேசித் தீர்க்க வேண்டும். தட்டில் இனிப்பு இருந்தால் முதல் வாய் அதுதான். “கடைசியில சாப்பிடலாம்னு ஒதுக்கி வெச்சுட்டு, நடுவுல நான் போய்ச் சேர்ந்துட்டா? அதை நினைச்சு நினைச்சு ஆவியா அலையணுமா?” என்பார். கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள். “சாப்பிடற நேரத்துல பேசற பேச்சா இது?” என்று கரண்டியை ணங்கென்று வைப்பாள்.

இந்தப் புத்தி அவருக்குச் சும்மா வரவில்லை. அப்பா ஐம்பத்திரண்டு வயதில் போனவர். எல்லாவற்றையும் ‘வேலையெல்லாம் முடியட்டும், அப்புறம்’ என்று எடுத்து வைத்தே பழகியவர். ஆசையாக வாங்கிய கைக்கடிகாரத்தைக்கூட டப்பாவில் வைத்துப் பூட்டினார். ஒருநாள் காலையில் அவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது. கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது என்றார். பிறகு கை போனது, கால் போனது, பேச்சு போனது, கடைசியில் மூச்சும் போனது. கடிகாரம் டப்பாவிலேயே கிடந்தது. காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகன் அதை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்துதான் அவர் இன்னிக்கே ஆனார்.

ஆக, தினமும் காலையில் எழுந்தால் இன்று ஒரு நாள் கையில் இருக்கிறது என்று நினைக்கிற மனுஷன். வெளியூரில் இருக்கும் மகளுக்குத் தினம் சாயங்காலம் போன் போடுவார். அவள் “அப்பா, நேத்துத்தானே பேசினோம்” என்று அலுத்துக்கொண்டாலும் விட மாட்டார். மழை வந்தால் மனைவியைக் கூப்பிட்டு ஜன்னலோரம் நிற்க வைப்பார். அடுப்பில் பால் பொங்கினாலும் அவருக்குக் கவலை கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி தன் புருஷனிடம், “அவரைப் பார்த்தாவது கத்துக்குங்க” என்று சொல்லிச் சொல்லியே அந்த மனுஷனுக்கு இவரைக் கண்டால் ஆகாமல் போய்விட்டது.

ஆனால் எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், இந்த மகாராஜன் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். அது அவருடைய வலது கட்டைவிரல்.

முதலில் சட்டைப் பொத்தான் போடும்போது தெரிந்தது. விரல் பொத்தான்மேல் இருந்தது, ஆனால் பொத்தான் இருப்பது விரலுக்குத் தெரியவில்லை. ராத்திரி கை அடியில் மாட்டியிருக்கும் என்று உதறிக்கொண்டார். அடுத்த வாரம் ஸ்பேனர் நழுவியது. எண்ணெய்ப் பிசுக்கு என்றார். ஒருநாள் டம்ளர் நழுவியபோது ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து தண்ணீரைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பின்கட்டில் போய் நின்றார். அவருக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. டாக்டரிடம் போனால் பார்ப்பார், பார்த்தால் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அப்புறம் சாவைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேச முடியுமா? அவருக்குப் பயம். வேறு ஒன்றும் இல்லை, பச்சைப் பயம். அதை மறைக்கத்தான் இன்னும் சத்தமாகச் சிரித்தார், இன்னும் அடிக்கடி மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றினார். பொத்தானை இடது கையால் போடப் பழகிக்கொண்டார்.

அவரோடு ஜோடியாக வேலை செய்தவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அவனை வேலையில் சேர்க்கச் சொன்னதே அவள்தான். “உங்க கைக்குள்ளயே இருக்கட்டும்ங்க. அப்பதான் எனக்குப் பயமில்லாம இருக்கும்” என்றாள். நல்ல பையன். கொஞ்சம் வாய் ஜாஸ்தி. வீட்டில் பல் முளைக்காத பெண் குழந்தை இருந்தது. அதன் படத்தை லிஃப்ட் ஏறி இறங்குகிற ஷாஃப்டுக்குள் நின்றுகொண்டும் எடுத்துக் காட்டுவான்.

அன்று அவர்கள் போனது ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். லிஃப்ட் தரைத்தளத்துக்கு வரும்போது ஏதோ உரசுகிற சத்தம் கேட்கிறது என்று புகார். இந்த மாதிரிச் சத்தத்தைப் பிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஒருவர் லிஃப்டின் கூரைமேல் நின்று மெதுவாக இறக்குவார். இன்னொருவர் ஷாஃப்டின் அடியில் இருக்கிற குழிக்குள் நின்று காது கொடுப்பார். செய்யக்கூடாது என்று கம்பெனியில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்கள். செய்யாத மெக்கானிக் எவனும் இல்லை.

“மாமா, நான் கீழ இறங்கறேன். உங்க வயசுக்கு அந்தக் குழியில குனிஞ்சா, அப்புறம் நிமிர்த்த கிரேன்தான் வரணும்” என்றான் மச்சான்.

“இறங்குடா மாப்ள. ரொம்பப் பேசினா அங்கேயே விட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவேன்.”

கூரைமேல் வேலை செய்கிறவர் கையில் ஒயரோடு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். தலைப்பக்கம் சிவப்பு பட்டன், அதை அடித்தால் எல்லாம் நின்றுவிடும், வெளியே இழுத்துவிட்டால்தான் மறுபடி ஓடும். அதற்கடுத்து மேலே போக ஒன்று, கீழே போக ஒன்று. அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் லிஃப்ட் நகரும், விட்டால் நிற்கும். நாலைந்து தடவை ஏற்றி இறக்கியும் சத்தம் பிடிபடவில்லை. தரைத்தளத்துக்கு வந்ததும் லிஃப்டைத் தானாக நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று அடியில் உண்டு. அதன் உருளைதான் உரசுகிறதோ என்று மச்சானுக்குச் சந்தேகம். அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டு ஒயரைப் போட்டு லிஃப்டை ஏமாற்றினான்.

“இப்ப இறக்குங்க மாமா. போதும்னா தட்டறேன்!”

போதும் என்பதற்கு, லிஃப்ட் ஓடுகிற தண்டவாளத்தில் ஸ்பேனரால் ஒரு தட்டு. அதுதான் அவர்கள் வழக்கம். இனி அந்த லிஃப்டை நிறுத்துவதற்கு அவருடைய கட்டைவிரலைத் தவிர வேறு எதுவும் இல்லை. அது இருவருக்கும் தெரியும். அந்த விரலின் யோக்கியதை ஒருவருக்குத்தான் தெரியும்.

அவர் கூரையின் விளிம்பில் மண்டியிட்டு, இடது கையை இரும்புச் சட்டத்தில் கோத்துக்கொண்டு, கீழே எட்டிப் பார்த்தபடி பட்டனை அழுத்தினார். லிஃப்ட் இறங்கியது. இந்தத் தடவை உரசல் இல்லை. பிடித்துவிட்டான் பயல் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. டங் என்று ஒரு தட்டு கேட்டது. விரலை எடுத்தார்.

லிஃப்ட் நிற்கவில்லை.

எடுத்தோமே என்று நினைத்தார். டங், டங் என்று கீழிருந்து மறுபடி கேட்டது. “மாமா, போதும்! மாமா!” அவர் கையைப் பார்த்தார். கட்டைவிரல் பட்டன்மேலேயே இருந்தது, நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்திக்கொண்டு. எடு, எடு என்று மனசு கத்துகிறது. அது யாரோ ஒருவருடைய விரல் மாதிரி அங்கேயே கிடக்கிறது. இடது கையை உருவப் பார்த்தார், சட்டத்துக்குள் கடிகாரம் மாட்டிக்கொண்டது. அப்பாவின் கடிகாரம். “டேய்!” என்று அலறிக்கொண்டு பெட்டியோடு வலது கையைத் தூக்கி, சிவப்பு பட்டனைத் தன் நெற்றியில் மடேரென்று அறைந்துகொண்டார்.

லிஃப்ட் நின்றது. கீழே தட்டுவதும் நின்றிருந்தது.

“மாப்ள!”

விளிம்புக்கு வெளியே தலையை நீட்டினார்.

“மாப்ள, பேசுடா! ஏதாவது பேசித் தொலைடா!”

அவருடைய மூச்சைத் தவிர அந்த ஷாஃப்டுக்குள் வேறு சத்தமே இல்லை. அந்தப் படத்தில் இருக்கும் குழந்தை, பல்லில்லாத வாய், கண்முன் வந்து வந்து போனது. கடவுளே, என்னை எடுத்துக்கோ, இப்பவே எடுத்துக்கோ என்று வாய்விட்டுச் சொன்னார். இத்தனை வருஷம் அவர் சாவைப் பற்றிப் பேசியதெல்லாம் வெறும் வாய்ச்சவடால் என்று அப்போது அவருக்கே தெரிந்தது.

“மாமா…” குரல் நசுங்கி வந்தது. “முதுகு மேல நிக்குது மாமா. மூச்சு விட முடியல. மெதுவா… மேல தூக்குங்க.”

உயிர் இருக்கிறது. ஆனால் மேலே தூக்க வேண்டும். தூக்குவதற்கும் ஒரு பட்டன்தான். தப்பி விரல் கீழ்ப் பட்டனில் பட்டால், ஒரு சாண்கூட இறங்க வேண்டாம், அவன் கதை முடிந்துவிடும்.

கடிகாரப் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்து இடது கையை விடுவித்தார். கடிகாரம் இருட்டில் எங்கோ விழுந்தது. மரத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பெட்டியை இடது கைக்கு மாற்றினார். பட்டன்மேல் இருந்த அம்புக்குறிகள் எத்தனையோ பேர் விரல் பட்டு எப்போதோ தேய்ந்துபோயிருந்தன. வலது கைக்கு எது எதுவென்று பார்க்காமலே தெரியும். இடது கைக்கு ஒன்றும் தெரியாது. சிவப்பு இருப்பது தலைப்பக்கம். அதற்கடுத்தது மேலே. தலைப்பக்கம், அதற்கடுத்தது. மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே சிவப்பு பட்டனை இழுத்துவிட்டு, அதற்கடுத்ததை அழுத்தினார்.

லிஃப்ட் மேலே போனது. கீழே மச்சான் இருமுகிற சத்தம் கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை அவர் கேட்டதில்லை.

வெளியே வந்த மச்சானின் சட்டை முதுகில் கிழிந்திருந்தது, ஒரு நீளச் சிராய்ப்பு, அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்தான்.

“பட்டன் ஒட்டிக்கிச்சா மாமா? பழைய பெட்டி, எத்தனை தடவை மாத்தச் சொன்னோம்!”

அவர் வாயைத் திறந்தார். “ம்” என்றார்.

மச்சான் அப்போதே கம்பெனிக்குப் போன் போட்டான். “புதுப் பெட்டி ஒண்ணு அனுப்புங்க. நாளைக்குக் காலையில வந்து மிச்சத்தை முடிச்சுடறோம். ஆமா, நானும் மாமாவும்தான்.” போனை வைத்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். “நாளைக்கும் நானேதான் கீழ. உங்க கையிலதானே இருக்கேன், எனக்கென்ன?”

வண்டியில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மச்சான்தான் ஓட்டினான், மச்சான்தான் பேசினான். புதுப் பெட்டி வரும். பெட்டியை மாற்றிவிடலாம். விரலை எப்படி மாற்றுவது?

கதவைத் திறந்த மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் நெற்றியில் வட்டமாகச் சிவந்து வீங்கியிருந்தது. தம்பியின் முதுகில் சட்டை தொங்கியது. “என்ன ஆச்சு?”

“ஒண்ணும் இல்லக்கா, பட்டன் ஒட்டிக்கிச்சு. மாமா மட்டும் நெத்தியால அடிச்சு நிறுத்தலேன்னா இந்நேரம் நீ எனக்கு ஒப்பாரி வெச்சுக்கிட்டு இருப்ப” என்றான் மச்சான்.

“பட்டன் ஒட்டல” என்றார் அவர்.

மச்சான் திரும்பிப் பார்த்தான்.

“பட்டன் நல்லாத்தான் இருக்குது மாப்ள. என் விரல்தான் செத்துப்போச்சு. அஞ்சாறு மாசமா இப்படித்தான். அப்பாவுக்கு வந்த மாதிரியே. உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு…” வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

மனைவி சுவரில் சாய்ந்தாள். அழவில்லை, கத்தவில்லை. “எனக்குத் தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீங்க இடது கையால பொத்தான் போட ஆரம்பிச்ச அன்னைக்கே தெரியும். டம்ளர் விழுந்த அன்னைக்குப் பின்கட்டுல போய் நின்னீங்களே, ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். கேட்டா நிஜமாயிடுமோன்னு…” அவள் தம்பியின் கிழிந்த சட்டையைத் தொட்டாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையைச் சுட்டுக்கொண்டவள் போல எடுத்துக்கொண்டாள். “ஐயோ. தெரிஞ்சே உன்னை அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேனே.”

மச்சான் இருவரையும் பார்த்தான்.

“அப்ப உங்க ரெண்டு பேருக்கும் தெரியும்” என்றான். “தெரியாதது ஒருத்தனுக்கு மட்டும்தான். கீழ நின்னவனுக்கு.”

அவன் வெளியே போனான். போய்விட்டான் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். போனால் நியாயம்தான். அவர் தன் கையை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி ஷாஃப்டுக்குள் இறங்க முடியாது. இந்தக் கை இன்னும் எத்தனை நாளைக்கோ, தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். விந்தை என்னவென்றால், தினமும் கடைசி நாள் மாதிரி வாழ்ந்தவருக்கு அன்றைக்குத்தான் நாளைக்கென்று ஒரு நாள் வேண்டும்போல் இருந்தது. இன்னும் நிறைய நாள் வேண்டும்போல் இருந்தது. அதை மனைவியிடம் சொன்னார். அவள் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வண்டி உறுமியது. ஆனால் நகரவில்லை. உறுமிக்கொண்டே இருந்தது.

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். மச்சான் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான், அவர் முகத்தைப் பார்க்காமல்.

“ஆஸ்பத்திரி இன்னும் மூடியிருக்க மாட்டாங்க. ஏறுங்க” என்றான்.

“இன்னிக்கேவா?” என்றார் அவர். அறியாமல் வாயில் வந்துவிட்டது.

மச்சானுக்குக் கோபம் ஆறவில்லை, ஆற நாளாகும். பின்சீட்டைத் துடைத்துவிட்டான். அவர் ஏறி உட்கார்ந்ததும், “கெட்டியா பிடிச்சுக்குங்க” என்றான். பிறகு தோளில் விழுந்த கையைத் திரும்பிப் பார்த்தான்.

“அந்தக் கை இல்ல மாமா. இடது கையால பிடிங்க.”