மிதிகட்டையும் என் இடது காலும்

"...மிதிகட்டை மேல கால் இருக்குதான்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்துகினு நெய்யறீங்களே, காலுக்கும் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கணுமா?" என்று என் மனைவி கேலி செய்தாள்.

ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறவன் நான். இடது கால் சில நாளாகவே மரத்துக் கிடந்தது. மிதிகட்டைதான் தேய்ந்துவிட்டது என்று அதை மாற்றினேன். அப்புறமும் அப்படித்தான். ஒருநாள் பெருவிரல் கிழிந்து ரத்தம் வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அவள்தான் பார்த்துக் கத்தினாள்.

"பீடி உங்க கால் ரத்தக்குழாயை அடைச்சுகினு வருது. இதோட விட்டீங்கன்னா விரல் தப்பிக்கும்" என்றார் ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்த டாக்டர். பீடி நெஞ்சைத்தான் கெடுக்கும் என்று நினைத்திருந்தவன் நான்!

பீடியை விட்டு ஆறு மாசம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. கை பாக்கெட்டைத் தேடினால், எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறேன்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் கேலி பேசவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டைக் குப்பையில் போட்டாள். தீப்பெட்டியை மட்டும் எடுத்துப்போய், அடுப்பைப் பற்றவைத்து எனக்கு டீ போட்டாள்.