நாலாம் மாடியின் காவல்

லண்டன் பிளேஸ்டோவில் எட்டு மாடிக் குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் வாசலில், தீக்காவல் குழுவின் பெயர்ப்பலகை இன்னும் தொங்குகிறது. முதல் பெயர் ஜீவரத்தினம். அதை அழிக்கச் சொல்லி அவரே இரண்டு தடவை கேட்டுவிட்டார். யாரும் அழிக்கவில்லை.

அந்தக் குழு பிறந்ததே கோபத்தில்தான். வெளிச்சுவரில் ஒட்டியிருந்த பலகைகள் தீப்பிடிக்கக் கூடியவை என்று கட்டட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. கழற்றுவார்களாம், எப்போது என்று மட்டும் தெரியாதாம். அதுவரை தீக்காவலுக்கு நிர்வாகம் அனுப்பியவனோ கதிரையில் சாய்ந்து கைபேசியில் படம் பார்த்தான். ஜீவரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் பெற்றோல் ஸ்டேசனில் வேலைக்கு நின்ற மனிதர். நெருப்போடு விளையாட்டில்லை என்று அறிந்தவர். கதவு கதவாகத் தட்டி ஒன்பது பேரைச் சேர்த்தார். ஆளுக்கு இரண்டு மணி நேர ஷிப்ட், மஞ்சள் ஜாக்கெட், கழுத்தில் விசில். தனியாக இருக்கும் வயதானவர்கள் தங்கள் உதிரிச் சாவியைக் குழுவிடம் கொடுத்து வைத்தார்கள். நாலு வருடத்தில் இரண்டு சிறு தீக்களை அவர்களே அணைத்தார்கள்.

அவர்களைப் படுத்தி எடுத்தது நெருப்பல்ல, மிளகாய். லண்டனுக்கு வந்து முப்பது வருடமானாலும் நம் சனத்துக்குத் தூள் வீட்டில்தான் வறுபட வேண்டும். வறுத்தால் வீட்டுக் கதவுகளுக்கு வெளியே, மாடி நடைபாதையில் இருக்கும் புகை அலாரம் அலறும். முதல் தடவை எண்பது பேர் மழைக்குள் இறங்கி நின்றார்கள். மூன்றாம் தடவை முப்பது பேர். ஐந்தாம் தடவை ஒரு குஞ்சும் இறங்கவில்லை. புலி வருது கதைதான்.

ஜீவரத்தினம் யோசித்து ஒரு ஒழுங்கு செய்தார். தூள் வறுப்பவர் முதலே அவருக்குப் போன் பண்ண வேண்டும். குளிக்கும்போது தலையில் போடும் பிளாஸ்ரிக் தொப்பியை அந்த மாடி அலாரத்தில் மாட்டிவிட்டு, வறுத்து முடியும்வரை அவர் அங்கேயே நடப்பார். பிறகு கழற்றுவார். அதன்பின் அலாரம் அடித்தபோதெல்லாம் சனம் இறங்கியது. கெட்டிக்கார மனிசன் என்றார்கள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி. நாலாம் மாடி நகுலேஸ்வரி இரண்டு கிலோ மிளகாய் வறுத்தாள். தொப்பி மாட்டியாயிற்று. நடைபாதை முழுக்கக் காரம், வீட்டுக்கு வீடு இருமல். கடைசிக் கதவுக்குப் பின்னால் டொலறஸும் இருமினார். எழுபத்தெட்டு வயது, தனி மனுஷி. ஜீவரத்தினம் கதவைத் தட்டி, "தூள்தான் அக்கா, யன்னலைத் திறந்துவிடுங்கோ," என்று சிரித்தபடி சொல்லிவிட்டு நடந்தார்.

அரைமணி நேரத்தில் தொப்பியைக் கழற்றினார். உடனே அலாரம் அலறியது. காரம் அடங்கவில்லையாக்கும் என்று மறுபடி மாட்டக் கையை உயர்த்தியபோதுதான் கடைசிக் கதவின் கீழால் கறுப்புப் புகை வருவதைக் கண்டார். உதிரிச் சாவியால் திறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். கட்டிலில் குளிருக்குச் சூடேற்றும் மின்போர்வை புகைந்து மெத்தையைத் தின்றுகொண்டிருந்தது. டொலறஸ் யன்னலுக்குக் கீழே கிடந்தார். வெளியே இழுத்து வந்தபோது உயிர் இல்லை.

வீட்டுக்குள்ளிருந்த அலாரத்தில் பற்றறி செத்திருந்தது என்றும், மின்போர்வை பழையது என்றும் விசாரித்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். தொப்பி ஜீவரத்தினத்தின் ஜாக்கெட் பொக்கற்றில் இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நகுலேஸ்வரி மட்டும் படியில் மறித்து, "ஒருதருக்கும் தெரியாது அண்ணை. நீங்களும் வாயைத் திறவாதேங்கோ," என்றாள். வாயைத் திறந்தால் குழுவே போய்விடும், பிறகு கட்டடத்துக்குக் காவல் யார் என்று அவரும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. மீதி பயம்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, டொலறஸின் மகள் பிரியந்தி சாப்பாட்டுப் பார்சலோடு அவர் வீட்டுக்கு வந்தாள். உயிரைப் பணயம் வைத்து உள்ளே போனதற்கு நன்றி சொன்னாள். போக எழும்பியவள் நின்றாள்.

"ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை, அங்கிள். கட்டிலுக்குப் பக்கத்திலைதான் கதவு. அம்மா ஏன் கதவை விட்டிட்டு யன்னலடிக்குப் போனவ?"

தெரியாது என்று ஒரு சொல் போதும். அவள் நம்பிப் போயிருப்பாள். ஜீவரத்தினம் எழுந்து போய் ஜாக்கெட்டிலிருந்த தொப்பியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அதைக் கொண்டு அலாரத்தை மூடியதையும், இருமலைக் கேட்டதையும் ஒன்றும் விடாமல் சொன்னார்.

"நான்தான் பிள்ளை யன்னலைத் திறக்கச் சொன்னனான்."

"அம்மா ஏதும் சொன்னவவோ?"

"'சரி தம்பி, திறக்கிறன்' எண்டவ."

பிரியந்தி தொப்பியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கொண்டுவந்த பார்சலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமலே போனாள்.