சுவரில் படுத்திருக்கும் நோயாளி

"ராத்திரி நித்திரை கொண்டனீரோ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டபடிதான் கிறிஸ்துராஜா காலையில் கதவைத் திறந்து உள்ளே வருவார். சுவரில் ஒரு நோயாளி படுத்திருக்கிறான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சுண்ணாம்புப் பூச்சின்மேல் காவி நிறத்தில் யாரோ வரைந்துவிட்டுப் போன ஒரு முகம், ஒரு போர்வை, இரண்டு கால்கள். "பதில் சொல்ல ஏலாமக் கிடக்கு, பாவம்" என்பார் எங்களிடம்.

நாங்கள் குடிவந்த இந்தக் குளிர்நாட்டில், பார்க்கிங் என்ற ஊர்ப்பக்கம் இருக்கும் இந்தக் கல்மண்டபம் ஒரு காலத்தில் தொழுநோயாளர் மருத்துவமனை. படுத்தபடியே பூசை காணட்டும் என்று கட்டில்களைப் பீடத்தைப் பார்த்துப் போட்டிருந்தார்களாம். பிறகு தானியக் களஞ்சியம், அதற்குப் பிறகு கரிக்கிடங்கு. இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பூசை. மற்ற நாட்களில் பார்க்க வருகிறவர்களுக்குக் காவலாளி கிறிஸ்துராஜாதான். மன்னாரில் மேசனாகச் சுவர் கட்டியவர். எந்தக் குளிரிலும் தொப்பியை வாசலிலேயே கழற்றிவிடுவார், "ஆஸ்பத்திரியெல்லோ" என்று. இருமுகிறவருக்கு முன்வாங்கில் இருக்க இடம் கிடைக்கும். கைபேசியில் சத்தமாகக் கதைத்தால் பூசை வைக்க வரும் சுவாமியாரையும் வெளியே அனுப்பிவிடுவார்.

போன குளிர்காலம் நோயாளியின் காலடியில் ஈரம் கசிந்தது. மரபுக் கட்டட அலுவலகத்துக்குப் பலமுறை சொல்லியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஈரம் முழங்கால்வரை ஏறியதும் மனுசனுக்குப் பொறுக்கவில்லை. சிமெந்தைக் குழைத்துக் காலைச் சுற்றி வழுவழுவென்று பூசிவிட்டார். "ஊரில எத்தினை சுவரில ஈரத்தை இப்பிடி நிப்பாட்டினனான்" என்று என்னிடம் மட்டும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடுமாம். சிமெந்து அதன் மூக்கைப் பொத்திவிடுமாம். எங்கள் இருவருக்கும் அது அப்போது தெரியாது. வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறி, வசந்தத்தில் நோயாளியின் முகம் பொரிந்து உதிர்ந்தது. தரையில் முழந்தாளிட்டு ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கினார் கிறிஸ்துராஜா. "நான்தான் ஆளைக் கொன்றுபோட்டன்" என்றார்.

நேற்று மரபுக் கட்டட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். சிமெந்தைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார். எந்தக் காலத்து மேசனோ செய்த வேலை என்று அவராகவே முடிவு கட்டினார். இப்போது இருக்கிறவர்கள் யாராவது செய்திருந்தால் அன்றைக்கே கதவுத் திறப்பை வாங்கி வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்றும் சொன்னார்.

சும்மா இருங்கள் அண்ணை என்று சொல்வதுபோல நான் கிறிஸ்துராஜாவின் முழங்கையை இறுகப் பிடித்தேன். என் பிடியை மெல்ல விலக்கிவிட்டு, வகுப்பில் பெயர் கூப்பிட்ட பிள்ளைபோல, அவர் வலது கையை உயர்த்தினார்.